குமரி மாவட்டக் கல்லூரிக்குக் கண்ணாடி முகப்பா? மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்

கல்லூரிக்குப் புதுக் கட்டிடம் என்றாலே நாகர்கோவில் பக்கம் இப்போது முன்புறம் முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்கிறார்கள். சரி, வைக்கலாம். எந்தக் கண்ணாடி, எந்தத் திசையில் என்று பார்க்காமல் வைத்தால் அதைப் பசுமைக் கட்டிடம் என்று சொல்லவே கூடாது.

ஒற்றைக் கண்ணாடிக்கு விலை குறைவு, அது ஒன்றுதான் அதன் பலம். 6 மி.மீ. சாதா கண்ணாடி வெயில் சூட்டில் ஏறக்குறைய 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். அடர்நிறப் பிரதிபலிப்புக் கண்ணாடி போட்டால் சூடு குறையும், கூடவே வெளிச்சமும் குறைந்து, பட்டப்பகலில் வகுப்பில் டியூப்லைட் எரியும்.

லோ-ஈ பூச்சு (சூட்டைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சு) உள்ள இரட்டைக் கண்ணாடி உண்மையிலேயே நல்ல பொருள், சூட்டில் கால் பங்குதான் உள்ளே வரும். மத்திய அரசின் 2017 எரிசக்தி சேமிப்புக் கட்டிட விதித்தொகுப்பு கேட்பதும் 27 சதவீதத்துக்குள்தான். 15 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் வடக்கு ஜன்னலுக்கு 50 வரை சலுகை உண்டு, நமக்குக் கிடையாது, ஏனென்றால் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சிவெயில் நமக்கு வடக்கேதான் சாய்ந்திருக்கும். ஆனால் இந்தக் கண்ணாடிக்கு விலை அதிகம். ஓரச் சீல் விட்டுப்போனால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஆவி படியும், துடைக்க முடியாது, மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். திறக்க முடியாத முகப்பாக வைத்தால் கரண்ட் போன நேரத்தில் வகுப்பே நடக்காது, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வெளியே சும்மா வீசிக்கொண்டிருக்கும்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. வடக்கிலும் தெற்கிலும் மட்டும் திறக்கக்கூடிய கண்ணாடி, சன்ஷேடோடு. ஐந்தடி ஜன்னலுக்கு வடக்கே ஒன்றரை அடி சன்ஷேடு போதும், ஆனி மாத உச்சிவெயில்கூடக் கண்ணாடியைத் தொடாது. தெற்கே மார்கழிக்காக மூன்றடி வேண்டும். மேற்குச் சுவருக்கு இந்தக் கணக்கு உதவாது, மூன்று மணிக்கு மேல் வெயில் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கும், அங்கே செங்கல் ஜாலியும் (இடைவெளி விட்டுக் கட்டும் சல்லடைச் சுவர்) மாடிப்படியும் கழிப்பறையும் வரட்டும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஜன்னலுக்கு வண்ண மைக்கா பதித்திருக்கிறார்கள், வெளிச்சம் வரும், சூடும் தூசியும் வராது. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கணினிக் கட்டிடத்துக்குக் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் வெளியே செங்கல் ஜாலி, உள்ளே தனிச்சுவர் என இரட்டையாகவே கட்டினார்.

லோ-ஈ கண்ணாடியை ஏசி கட்டாயம் தேவைப்படும் ஆய்வகங்களுக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சப் பணத்தை உப்புக்காற்று தாங்கும் நல்ல பூச்சுள்ள அலுமினியச் சட்டத்துக்கும், சாரல் உள்ளே அடிக்காத அகல வராந்தாவுக்கும் போடலாம்.