முசந்தம் என்று சொல்லி திப்பாவுக்குக் கூட்டிப்போனார்கள்: துபாய், ஷார்ஜாவில் இருப்பவர்கள் கவனத்துக்கு

விடுமுறைக்கு ஓமானின் முசந்தம் பகுதிக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்க வேண்டாம்.

2023 டிசம்பர், தேசிய தின விடுமுறை. அம்மா ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருந்தார். திருச்செந்தூர் பக்கம் கடற்கரையிலேயே வளர்ந்தவர், கடல் அவருக்குப் புதிதில்லை. ஆனால் மலைகளுக்கு நடுவே கடல் ஆறு மாதிரி வளைந்து உள்ளே போகும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது, படகை ஒட்டியே டால்பின் நீந்தி வரும் என்று நான் சொன்னதும், "ஓங்கிலா? அவ்வளவு கிட்டத்துலயா வரும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் விளம்பரம் வந்தது. 'அரேபியாவின் நார்வே, முசந்தம் ஃபியோர்டு, ஒரு நாள் பயணம், தலைக்கு 199 திர்ஹம்.' ஃபியோர்டு என்றால் மலைகளுக்கு நடுவே குறுகலாக உள்ளே நுழையும் கடல். படத்தில் இருபுறமும் செங்குத்தான மலை, நடுவே அசையாத தண்ணீர், அதில் டெலிகிராஃப் தீவு என்ற சின்னத் தீவு. ஏஜென்ட் நம்ம ஊர்க்காரர். "இதே இடம்தானே?" என்று படத்தைக் காட்டியே கேட்டேன். "இதே இடம்தான் அண்ணே. பாஸ்போர்ட் காப்பி அனுப்புங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். நான், மனைவி, மகள், அம்மா, நான்கு பேருக்கு 796 திர்ஹம் ரொக்கமாகக் கொடுத்தேன். கையில் கிடைத்தது ரசீது அல்ல, 'நான்கு பேர், முசந்தம், உறுதி' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி.

காலையில் பேருந்து கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ராஸ் அல் கைமா பக்கம் கடற்கரையோரம் போக வேண்டிய வண்டி மலைக்குள் திரும்பியிருந்தது. சாலைப் பலகைகளில் மசாஃபி, திப்பா என்று வந்தது. ஓட்டுநரிடம் கேட்டேன். திப்பாவுக்குத்தான் போகிறோம், எப்போதுமே அங்கேதான் போவோம் என்றார்.

விவரம் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏமாற்று வேலை இதில்தான் இருக்கிறது. முசந்தம் ஓமானின் ஒரு மாகாணம். ஓமானின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாமல், இடையில் அமீரகம் வர, ஹோர்முஸ் நீரிணையை ஒட்டித் தனியாக இருக்கிறது. அதற்குள் கசப், புகா, திப்பா, மதா என நான்கு வட்டங்கள். நாம் படங்களில் பார்க்கும் ஃபியோர்டு, அதாவது கோர் ஷாம், கசப் பக்கம் இருக்கிறது. திப்பா அதற்குத் தெற்கே, ஓமான் வளைகுடாவைப் பார்த்த திறந்த கடல். ஆகவே ஏஜென்ட் 'முசந்தம்' என்று சொன்னது பெயரளவில் பொய்யில்லை. காட்டிய படம்தான் பொய்.

திப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். பாறைகள் நேராகக் கடலில் இறங்கும் அழகான கரை அது. முக்குளிக்கப் பிடித்தவர்கள் அதற்காகவே போகிறார்கள். ஆனால் அன்றைக்குக் காற்று. திறந்த கடலில் படகு ஆடிய ஆட்டத்தில் அம்மாவுக்கு அரை மணி நேரத்தில் வாந்தி. படகில் அளவுக்கு மீறிய கூட்டம். ஆறு வயது மகளுக்கு ஏற்ற அளவில் உயிர்காப்பு அங்கி இல்லை, பெரியவர்களுடையதைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். இதை நினைத்தால் இன்னும் எனக்குப் பதறுகிறது. விளம்பரத்தில் 'எல்லாம் சேர்த்து' என்று இருந்த பனானா படகுக்கும் குகைக்குப் போகும் சின்னப் படகுக்கும் அங்கே தனிக் காசு கேட்டார்கள். சாயங்காலம் அம்மா மெதுவாகக் கேட்டார், "ஏய்யா, இது நம்ம ஊர்க் கடல் மாதிரிதான இருக்கு?"

திரும்பி வந்து ஏஜென்டைக் கூப்பிட்டேன். "திப்பாவும் முசந்தம்தானே அண்ணே" என்றார். பல நாள் விடாமல் கேட்டபின் 150 திர்ஹம் திருப்பித் தந்தார். அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார். ரொக்கம், ரசீது இல்லை, உரிம எண்ணும் தெரியாது. எதை வைத்துப் புகார் கொடுப்பது?

இன்னொன்று பின்னால்தான் தெரிந்தது. கசப் போக வேண்டுமென்றால் எல்லையில் அமீரகத்தை விட்டு வெளியேறும் முத்திரை விழும். அம்மாவிடம் இருந்தது ஒரு முறை மட்டும் நுழையக்கூடிய விசா. உண்மையிலேயே கசப் போயிருந்தால் அந்த விசா அங்கேயே முடிந்திருக்கும், திரும்பி உள்ளே வர முடியாமல் எல்லையில் நின்றிருப்போம். அப்போது திப்பா பயணங்களுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடும் முறை இருந்ததால் எங்களுக்கு அந்த முத்திரை விழவில்லை. கசப் என்று நம்பவைத்துப் பணம் வாங்கியவர் 'என்ன விசா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த விவரத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் நானே திப்பாவைத் தேர்ந்தெடுத்திருப்பேன், சண்டையே இல்லை.

2024 நவம்பரில் நான், மனைவி, மகள் மூவரும் எங்கள் காரிலேயே கசப் போனோம், ஓமானுக்கும் செல்லும் காப்பீடு எடுத்துக்கொண்டு. எல்லை தாண்டி புகா வழியாகப் போகும் சாலையில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். கசப்பில் படகுக்காரரிடமே நேராகப் பதிவு செய்து, ரசீது வாங்கி, குழந்தைக்கான அங்கியைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினோம்.

கோர் ஷாம் சுமார் 16 கிலோமீட்டர் உள்ளே போகிறது. நார்வேயில் பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் கடல் புகுந்தது. இங்கே பனியாறு கிடையாது, நிலமே மெல்லத் தாழ்ந்து பள்ளத்தாக்குகளில் கடல் ஏறியிருக்கிறது. சுற்றிலும் மலை மறைப்பதால் உள்ளே அலையே இல்லை. நதிஃபி, மக்லப் போன்ற சின்னச் சின்ன ஊர்கள் கரையோரம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாலை கிடையாது, குடிதண்ணீர்கூடப் படகில்தான் போகிறது. 1864இல் இந்தியாவிலிருந்து வந்த கடலடித் தந்திக் கம்பிக்காக ஆங்கிலேயர் நிலையம் வைத்த டெலிகிராஃப் தீவில் நாங்கள் போனபோது இடிந்த சுவர்களும் படிகளும்தான் இருந்தன. படகுக்காரர் சீட்டியடித்துக் கைதட்டினார். டால்பின்கள் படகின் முகப்பை ஒட்டி வந்தன. மகள் ஏழு எண்ணினாள். அம்மாவுக்காகப் படம் பிடித்தேன், கை நிலையாக நிற்கவில்லை.

'முசந்தம்' என்று யார் விற்றாலும், கசப் துறைமுகமா, திப்பா துறைமுகமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துபாயிலிருந்து கசப்புக்கு எல்லையையும் சேர்த்து மூன்று மணி நேரமாவது பிடிக்கும், அதனால் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி ஒரு நாளில் கசப் காட்டுகிறேன் என்பவரை நம்பாதீர்கள். சுற்றுலா உரிம எண்ணைக் கேளுங்கள். கார்டில் பணம் கட்டினால் வங்கி மூலமாகவாவது முறையிட ஒரு வழி இருக்கும். வீட்டுக்கு வந்திருக்கும் பெற்றோருடன் போவதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவர்களுடைய விசாவை எடுத்துப் பாருங்கள்.

அம்மா அந்தப் படத்தைப் பலமுறை பார்த்துவிட்டார். அடுத்த முறை பல தடவை நுழையும் விசா எடுத்துத்தான் அவரை அழைத்து வரப்போகிறேன்.