காலப்பெட்டகத்தில் யாருக்கு இடம்? காருக்கா, பென் டிரைவுக்கா, மொய் நோட்டுக்கா?

1957 ஜூன் 15 அன்று அமெரிக்காவின் டல்சா நகரத்தார் ஒரு புத்தம்புது பிளைமவுத் பெல்வெடியர் காரைக் குழி வெட்டிப் புதைத்தார்கள், 50 ஆண்டு கழித்து 2007இல் திறப்பதற்கு. இப்படி வருங்காலத்தார் திறந்து பார்க்கட்டும் என்று பொருள்களை மூடி வைப்பதுதான் காலப்பெட்டகம். ஒக்லஹோமா மாநிலம் உருவாகி 50 ஆண்டு ஆனதற்கான கொண்டாட்டம் அது. காரை வைத்த கான்கிரீட் அறை அணுகுண்டு போட்டாலும் தாங்கும் என்றார்கள். 2007இல் பெட்ரோல் என்ற ஒன்றே கிடைக்காமல் போயிருந்தால்? அதற்காகக் கேனில் பெட்ரோலும் வைத்தார்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு பெண்ணின் கைப்பையில் வழக்கமாகக் கிடக்கும் சாமான்கள்: கொண்டை ஊசி, லிப்ஸ்டிக், சூயிங்கம், பதற்றம் தணிக்கும் மாத்திரை, பணம் கட்டாத பார்க்கிங் அபராதச் சீட்டு. காருக்குப் பக்கத்தில், பற்றவைத்து மூடிய ஒரு எஃகு உருளை. அதற்குள் கொடி, காகிதங்கள், 2007இல் நகரத்தின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று ஊரார் போட்ட கணிப்புகள்.

50 ஆண்டு கழித்துத் திறந்தால், அறைக்குள் தண்ணீர் புகுந்து நின்றிருந்தது. கார் துருப்பிடித்த கூடாக வெளியே வந்தது. உருளைக்குள் இருந்தவை மட்டும் நல்லபடியாக இருந்தன. மக்கள்தொகையைக் கிட்டத்தட்டச் சரியாகக் கணித்தவருக்குத்தான் கார் என்பது போட்டி விதி. அவர் 1979இலேயே இறந்துவிட்டார். துருக்கூடு குடும்பத்தார் கைக்குப் போனது.

அந்த ஒரே குழியில் மூன்று போட்டியாளர்கள் இருந்தார்கள்: பெருமைக்கு வைத்த பெரிய பொருள், வீட்டுச் சில்லறைச் சாமான், காகிதம். மற்றப் பெட்டகங்களைப் பார்த்தால் இன்னும் இரண்டு பேர் சேர்வார்கள்: அதிகாரபூர்வ வரலாறு, டிஜிட்டல் சேமிப்பு. இந்த ஐந்து பேரில் யாருக்கு இடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. நம் பக்கத்தில் பள்ளி நூற்றாண்டு விழா என்றால் முன்னாள் மாணவர் வாட்ஸாப் குழுவில் யாராவது ஒருவர் “டைம் கேப்சூல் வைக்கலாமே” என்று ஆரம்பிப்பார். அடுத்த பத்து நிமிடத்தில் பட்டியலும் வந்துவிடும்: தலைமை ஆசிரியரின் வாழ்த்துச் செய்தி, அன்றைய நாளிதழ், நாணயங்கள், விழா மலர், எல்லாப் புகைப்படமும் அடங்கிய ஒரு பென் டிரைவ். இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை.

எதை வைப்பது என்று யோசிக்கும் முன் எப்போது திறப்பது என்று முடிவு செய்ய வேண்டும். 5,000 ஆண்டுப் பெட்டிக்கும் 50 ஆண்டுப் பெட்டிக்கும் சாமான் பட்டியல் ஒன்றாக இருக்க முடியாது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் புதைத்த பெட்டகம் கி.பி. 6939இல் திறக்கப்பட வேண்டியது. அதைத் திறப்பவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று எந்த நிச்சயமும் இல்லை. அதனால் ஆங்கில ஒலிகளை வாயில் எங்கே, எப்படிப் பிறப்பிப்பது என்று படம் போட்டு விளக்கும் பகுதியை மொழியியலாளர் ஜான் ஹாரிங்டனிடம் எழுதி வாங்கினார்கள். பெட்டகம் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகலாம் என்று, இடத்தைக் குறிக்கும் ‘பதிவேட்டுப் புத்தகம்’ ஒன்றை 3,000க்கும் மேற்பட்ட பிரதிகள் அச்சிட்டு உலகமெங்கும் நூலகங்களுக்கும் மடாலயங்களுக்கும் அனுப்பினார்கள். அட்லாண்டாவில் ஓக்லதார்ப் பல்கலைக்கழகம் 1940இல் ஒரு பழைய நீச்சல் குளத்தை அறையாக்கி மூடியது. அது திறக்க வேண்டிய ஆண்டு 8113. முன்பின் தெரியாத அந்நியருக்கு வைப்பவை இவை.

பள்ளிப் பெட்டியை 50 ஆண்டில் திறப்பவர் அந்நியர் இல்லை. அதே ஊர்க்காரர். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பையன் அப்போது அறுபதைத் தாண்டி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அவனுக்குக் கைபேசி என்றால் என்ன, ஐந்து ரூபாய் நாணயம் எப்படி இருக்கும் என்றெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அவனுக்கு மறந்துபோயிருக்கும் விஷயங்கள்தான் வேண்டும். நம் குழுக்கள் பெரும்பாலும் 5,000 ஆண்டுக்கான சாமானை 50 ஆண்டுப் பெட்டியில் அடைக்கின்றன.

சரி, முதல் மோதல்: அதிகாரபூர்வ வரலாறு எதிர் வீட்டுச் சில்லறை. வரலாற்றுக்கு நேர்ந்த கதியைப் பார்க்க டெல்லிக்குப் போனால் போதும். 1973 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் இந்திரா காந்தி செங்கோட்டையில் ‘காலபத்ரா’ என்ற காலப்பெட்டகத்தைப் புதைத்தார். உள்ளே விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவின் வரலாற்றுச் சுருக்கம், சுமார் 10,000 சொற்கள். அதை எழுதும் பொறுப்பு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் வந்தது. வரைவு வெளியே கசிந்ததும் தமிழ்நாட்டிலேயே கண்டனம் கிளம்பியது. நாட்டின் கதை என்று சொல்லி ஒரு குடும்பத்தின் கதையைப் புதைக்கிறார்கள் என்றன எதிர்க்கட்சிகள். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால் வருவோருக்கென்று வைத்தது நாலே ஆண்டில், 1977 டிசம்பரில், ஜனதா ஆட்சியில் வெளியே வந்தது. புதைத்த செலவைவிடத் தோண்டிய செலவு பல மடங்கு.

யார் எழுதினாலும் அந்த வகை எழுத்துக்கு இதே சிக்கல்தான். திறப்பவர் படிக்கும்போது நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட, எழுதியவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதைத்தான் அதிகம் தெரிந்துகொள்வார். அதுவும் ஒரு தகவல்தான், ஆனால் அதற்கு ஒரு பக்கம் போதும். தலைமை ஆசிரியர் செய்தி, விழா மலர் வாழ்த்துரை எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. ஒரு பக்கம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

டல்சா காரின் கைப்பைப் பட்டியலோ வேறு ஜாதி. பணம் கட்டாத அபராதச் சீட்டை எந்த அருங்காட்சியகமும் கேட்டு வாங்கிச் சேர்க்காது, எந்த வீட்டிலும் யாரும் பத்திரப்படுத்த மாட்டார்கள். அந்த மாத்திரைக் குப்பியும் அப்படித்தான். 1957இல் ஒரு நடுத்தரப் பெண்ணின் பையில் அது ‘வழக்கமான’ சாமான் என்று சிரித்துக்கொண்டே வைத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் காலத்தைப் பற்றி எந்த வாழ்த்துரையும் சொல்லாததை அது சொல்கிறது. வெஸ்டிங்ஹவுஸ் பெட்டகத்திலும் ஐன்ஸ்டைனின் கடிதத்தோடு டப்பா திறப்பான், பெண்கள் தொப்பி, மிக்கி மவுஸ் கோப்பை எல்லாம் உண்டு. அட்லாண்டா அறையில் பல் இடுக்கில் விட்டு எடுக்கும் நூல்கூட இருக்கிறது. ஐன்ஸ்டைன் என்ன நினைத்தார் என்பது எப்படியும் நூலகங்களில் கிடைக்கும். நான் பயன்படுத்தும் சோதனை இதுதான்: பெட்டியில் போடாவிட்டாலும் இது வேறெங்காவது கிடைக்குமா? கிடைக்கும் என்றால் வெளியே. இந்தச் சோதனையில் அன்றைய நாளிதழ் தோற்கிறது, நாணயம் தோற்கிறது, தேசியக் கொடியும் தோற்கிறது.

அப்படியானால் நம் ஊர்க் கைப்பையில் என்ன இருக்கும்? மளிகைக் கடைச் சீட்டு. நாள் காட்டியில் கிழித்த ஒரு தாள், நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன் எல்லாத்தோடும். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்த பழைய வெள்ளை மின்கட்டண அட்டை. குறுஞ்செய்தி வந்த பிறகு அதைத் தேடுவாரில்லை. சத்துணவில் எந்தக் கிழமைக்கு என்ன என்று சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதிய தாள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது மொய் நோட்டை. ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், தொழில் அல்லது கடைப் பெயர், தொகை. யார் எந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறார்கள், யார் பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டார்கள், 201 ரூபாய் எப்போது 501 ஆனது, தாய்மாமன் எவ்வளவு செய்தார், யார் பணத்துக்குப் பதில் குத்துவிளக்கு கொடுத்தார்கள். எந்தச் சமூக ஆய்வும் இவ்வளவு ஒழுங்காக ஒரு ஊரை எழுதி வைக்காது. அதை எழுதியவரும் வருங்காலத்துக்கு என்று நினைத்து எழுதவில்லை, கணக்குக்காக எழுதினார். அதனாலேயே அதில் பாவனை கிடையாது.

அடுத்தது டிஜிட்டலா, காகிதமா. இங்கே என் சாய்வு வெளிப்படையானது. 1986இல் பிபிசி ஒரு பெரிய வேலை செய்தது. இங்கிலாந்தில் 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டுக்கு 900 ஆண்டு ஆனதை ஒட்டி, பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் ஊரைப் பற்றி எழுதிப் படம் எடுத்துத் தந்ததை லேசர் தட்டுகளில் பதிந்தது. பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்தத் தட்டைப் படிக்கும் கருவி கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிட்டது. வல்லுநர்கள் உட்கார்ந்து பாடுபட்டு மீட்டார்கள். 1086இல் தோலில் மையால் எழுதியதோ இன்றைக்கும் படிக்கிற நிலையில் இருக்கிறது.

2019இல் ஜலந்தரில் இந்திய அறிவியல் மாநாட்டின்போது 100 பொருள்களோடு ஒரு பெட்டகம் புதைத்தார்கள், 100 ஆண்டுக்கு. ஸ்மார்ட்போன், மடிக்கணினி, டிரோன் எல்லாம் உள்ளே. பொருளாக அவை இருக்கட்டும், 2119இல் பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஹார்டு டிஸ்கில் ஆவணப்படங்களும் சினிமாவும் வைத்திருப்பதாகச் சொன்னபோது எனக்கு பிபிசியின் லேசர் தட்டுதான் ஞாபகம் வந்தது. மின்சாரம் இல்லாமல் கிடக்கும் பென் டிரைவில் மின்னூட்டம் மெல்லக் கசியும். அது கசியாவிட்டாலும் செருகுவதற்கு துளை வேண்டும், கோப்பைத் திறக்க மென்பொருள் வேண்டும். 1938லேயே வெஸ்டிங்ஹவுஸ்காரர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். 22,000 பக்கங்களுக்கு மேல் மைக்ரோஃபிலிமில், அதாவது பக்கங்களைப் பொடியாகச் சுருக்கிப் படம் பிடிக்கும் சுருளில் எடுத்து, பார்க்க ஒரு உருப்பெருக்கியையும், பெரிய படிப்புக் கருவி செய்துகொள்ளும் குறிப்பையும் சேர்த்தே வைத்தார்கள். ஒரு லென்ஸ் இருந்தால் போதும்.

டிஜிட்டல் பக்கம் ஒரு நியாயம் உண்டு: குரல். எழுபது வயது ஆயா பேசும் பேச்சைக் காகிதம் பிடித்து வைக்காது. அதற்கு என் யோசனை, குரலைப் பெட்டிக்குள் அடைக்காமல் வெளியே உயிரோடு வைத்திருப்பது. ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு யாராவது மாற்றிக்கொண்டே வர வேண்டும். பெட்டிக்குள் அதன் எழுத்து வடிவம் போகட்டும், பேசியது பேசியபடி. பிள்ளைகள் எழுதும் கடிதங்களையும் கட்டுரைத் தமிழில் திருத்தாமல் அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதச் சொல்லலாம், ‘செம’, ‘வேற லெவல்’ எல்லாம் உட்பட. 50 ஆண்டில் முதலில் மாறுவது அதுதான். (1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய, தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. இப்போது சொல்லி என்ன செய்ய.)

கணிப்புக் கடிதங்களுக்கு, அதாவது ‘50 ஆண்டில் உலகம் எப்படி இருக்கும்’ வகைக்கு, நான் அதிக இடம் தர மாட்டேன். பறக்கும் கார் என்று நாற்பது பிள்ளைகள் எழுதுவார்கள். ‘நேற்று காலை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை என்ன செய்தாய்’ என்று கேட்டால் நாற்பதும் நாற்பது விதமாக வரும்.

இனி பெரிய பொருள். சைக்கிள், தையல் மிஷின், பள்ளியின் பழைய மணி என்று யாராவது கொண்டுவருவார்கள். டல்சா காரை நினைத்துக்கொண்டு மறுத்துவிடுவது நல்லது. பெரிய பொருளுக்குப் பெரிய குழி வேண்டும், பெரிய குழிக்குள் எப்படியும் தண்ணீர் வரும். மணியைப் பள்ளியிலேயே தொங்கவிடலாம், தினமும் அடிக்கலாம்.

புதைக்கவே வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஜப்பானின் ஒசாகாவில் 1970 உலகக் கண்காட்சியை ஒட்டி ஒரே மாதிரி இரண்டு பெட்டகங்கள் வைத்தார்கள், ஒவ்வொன்றிலும் 2,098 பொருள். கீழே இருப்பது 6970வரை தொடக்கூடாது. மேலே இருப்பதை 2000இல் திறந்து பார்த்துச் சரிபார்த்து மறுபடி மூடினார்கள். இனி நூறாண்டுக்கு ஒருமுறை திறப்பார்கள். நம் கோபுரக் கலசத்தில் தானியம் நிரப்பி, குடமுழுக்கின்போது எடுத்துப் புதியது போடுகிறோமே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1795இல் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் மூலைக்கல்லில் வைத்ததையும் 1855இல் எடுத்து, பித்தளைப் பெட்டிக்கு மாற்றி, மறுபடி வைத்தார்கள். 2015இல் திறந்தபோது உள்ளே இருந்த செய்தித்தாள்களை மடிப்பு பிரித்துப் பார்க்க முடிந்தது. கந்தல் துணியை அரைத்துச் செய்த தாள் அது. இன்றைய செய்தித்தாள் மரக்கூழ், அதில் இருக்கும் அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். ஆகவே பள்ளிப் பெட்டிக்குத் தலைமை ஆசிரியர் அறையின் சுவர் மாடம் போதும், பத்தாண்டுக்கு ஒருமுறை திறந்து பூச்சி, ஈரம் பார்க்கலாம்.

உள்ளே போகும் காகிதத்திலும் தேர்வு இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் பில், ஏடிஎம் சீட்டு, கையடக்க மிஷினில் கிழித்துத் தரும் பஸ் டிக்கெட் எல்லாம் சூடுபட்டுக் கறுக்கும் தாள். சில ஆண்டில் எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். அப்படியே வைத்தால் 50 ஆண்டு கழித்து ஒரு கட்டு வெற்றுத்தாள்தான் மிஞ்சும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், அதன் மை கரித்தூள், நிற்கும். ஜெல் பேனா ஈரம் பட்டால் கலங்கலாம், பென்சில் கலங்காது. ஸ்டேப்லர் பின் துருப்பிடிக்கும், ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கொள்ளும், மலிவான பிளாஸ்டிக் உறை காகிதத்தைக் கெடுக்கும். பருத்தி நூலால் கட்டினால் போதும். எந்தப் பொருளிலும் பேட்டரியை விட்டு வைக்காதீர்கள், கசிந்து பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அரிக்கும். புகைப்படம் என்றால் பின்னால் பெயர் எழுதாத படத்துக்கு இடம் கிடையாது. ‘10ஆம் வகுப்பு ஆ பிரிவு’ என்று மட்டும் எழுதினால் முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவது யார் என்று யாரிடம் கேட்பது?

மொய் நோட்டில் மட்டும் ஒரு சிக்கல். அசலை எந்த வீட்டிலும் தர மாட்டார்கள், தரவும் முடியாது. அதில் இருப்பவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது பார்த்துத் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு அது. அதற்கும் ஜெராக்ஸ்தான். வீட்டாரிடம் கேட்டு எடுங்கள். 50 ஆண்டுக்கு யாரும் பிரிக்க மாட்டோம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், நடுவில் ஏதோ ஒரு பெயருக்கு நேரே தொகையை மட்டும் மறைத்துவிட்டு.