டே கேரில் 47,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன், நீங்களாவது பார்த்து நடந்துகொள்ளுங்கள்

இன்று காலை அந்த டே கேர் நடத்துகிறவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். கட்டியது 47,500 ரூபாய். என் மகள் அங்கே இருந்தது மொத்தமே ஒன்பது நாள்.

பெயர் போடவில்லை. சென்னையில் ஐடி கம்பெனிகள் வரிசையாக இருக்கும் பக்கம், தனி வீட்டை வாடகைக்கு எடுத்து, சுவரில் யானை, பட்டாம்பூச்சி வரைந்து நடத்துகிற இடம். அந்த மாதிரி இடங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். இதுவரை மாமியார்தான் பார்த்துக்கொண்டார். அவருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று ஊருக்குப் போக வேண்டியதாகிவிட்டது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் நாங்கள் முப்பது பேர்தான். அதனால் வெளியில்தான் தேட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தோம். தரை பளபளவென்று இருந்தது. மேடம் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். புது ஆட்களைக் கண்டாலே என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறவள், நேராகப் போய் அவர் வளையலைப் பிடித்து இழுத்தாள். “பாத்தீங்களா, பாப்பாவே ஓகே சொல்லிட்டா” என்றார். அப்புறம் போனில் ஒரு ஆப்பைத் திறந்து காட்டினார். “நாலு கேமராம்மா. ஆபீஸ்ல இருந்தே பாத்துக்கலாம்.” அந்த இடத்தில்தான் விழுந்தேன். அட்மிஷன் 10,000, திருப்பித் தரும் டெபாசிட் 12,000, மூன்று மாதக் கட்டணம் 25,500. நின்ற இடத்திலேயே ஜிபே செய்தேன். ரசீது கேட்டதற்கு “மெசேஜ் வந்திருக்கும்மா, அதுவே ரசீதுதான்” என்றார். எத்தனை குழந்தைகள், பார்த்துக்கொள்ள எத்தனை பேர் என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை.

மூன்றாம் நாளே ஆப்பில் கேமரா படம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கேட்டால் நெட் ஸ்லோ, மறுநாள் கேட்டால் சர்வர் அப்டேட்.

ஒன்பதாம் நாள் ஆபீஸில் மீட்டிங் ரத்தானதால் மூன்று மணிக்கே போய்விட்டேன். கேட் தாழ்ப்பாள் போடாமல் கிடந்தது. வாசலில் குட்டிக் குட்டிச் செருப்புகள், எண்ணினேன், பதினேழு ஜோடி. உள்ளே ஒரே ஒரு ஆயாம்மா, டிவி முன்னால் வரிசையாக உட்கார வைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். என் மகள் அங்கே இல்லை. “இப்பத்தாம்மா இங்க இருந்தா” என்று அவரும் பதறி எழுந்தார்.

பாத்ரூம் கதவு பாதி திறந்திருந்தது. குழாய்க்கடியில் நீல பக்கெட், விளிம்பு வரை தண்ணீர். அவள் நுனிக்காலில் நின்று, முழங்கை வரை இரண்டு கையையும் உள்ளே விட்டு, எட்டாமல் மிதந்த சிவப்பு மக்கைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது. அந்த வயதில் உடம்புக்குத் தலை பாரம். குப்புற விழுந்தால் தானாக எழ வராது, சத்தமும் கேட்காது, அரை பக்கெட் தண்ணீரே போதும். தூக்கினேன். காலையில் எட்டரைக்கு நான் போட்டுவிட்ட அதே வாத்துப் படம் போட்ட டயப்பர், கனத்துத் தொங்கியது. தொடை இடுக்கு முழுக்கச் சிவந்து தோல் உரிந்திருந்தது.

அந்த ஆயாம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். பதினேழு பிள்ளைகளை ஒற்றை ஆளாக யாரால் பார்க்க முடியும்? காசு வாங்கியவரைத்தான் கேட்டேன். “அதான் ஒண்ணும் ஆகலையேம்மா” என்றார். இதை எழுதும்போதுகூட அந்த வார்த்தை காதில் ஒலிக்கிறது.

பணத்தைக் கேட்டேன். முதலில் “ஒரு வாரத்துல போட்டுடறேன்”. ஒரு வாரம் கழித்து அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர் லீவு. அடுத்து, நிறுத்துவதானால் ஒரு மாதம் முன்னால் சொல்லியிருக்க வேண்டுமாம், ஃபார்மில் இருக்கிறதாம். அந்த ஃபார்மின் நகலை எனக்குத் தரவே இல்லை. கடைசியாக அவர் கணவர் பேசினார்: “சின்ன அமௌண்ட்டுக்கு ஏன் மேடம் இவ்ளோ டென்ஷன்?” 47,500 ரூபாய் என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். இன்று காலை பிளாக்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவை. சனி, ஞாயிறு போய்ப் பார்க்காதீர்கள். வேலை நாளில், சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போங்கள். முதலில் பாத்ரூமைப் பாருங்கள். பக்கெட் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும், கதவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும். சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) மூடியையும் மிதித்துப் பாருங்கள். பிள்ளைகளை எண்ணுங்கள், ஆட்களை எண்ணுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். டெபாசிட் எப்போது திரும்பும் என்று கையெழுத்தோடு வாங்குங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

பணத்துக்காக நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கப் போகிறேன். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் இல்லை. ரசீது இல்லாமல் இப்படிப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எதை ஆதாரமாகக் காட்டினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். என்னிடம் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும், “போட்டுடறேன்மா” என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும்தான்.