புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போற திருமலை ஆக்களுக்கு: பழைய டவுன் ஹோலையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ

மச்சாளின்ர கலியாணத்துக்கு உடுப்பு எடுக்க எண்டு போன மாசம் நானும் மாமியும் மகளும் திருமலையில இரவு ரெயில் ஏறிக் கொழும்புக்குப் போனனாங்கள். கூறைக்குக் குஞ்சம் கட்டித் தர ரெண்டு மணித்தியாலம் செல்லும் எண்டு கடையில சொல்லிப்போட்டினம். வெயில் எண்டா அப்பிடி ஒரு வெயில், மாமிக்கு முழங்கால் நோ வேற, எங்கயாவது நிழலா இருப்பம் எண்டு மெயின் ஸ்ட்ரீட்டால நேர நடந்து கைமன்ஸ் கேட் மணிக்கோபுரத்தடிக்கு வந்தா முன்னுக்கே இந்தப் பழைய டவுன் ஹோல் நிக்குது. எத்தினை தரம் இதைத் தாண்டிப் போயிருப்பன், ஒருநாளும் நிமிர்ந்து பாக்கேல்ல.

(கைமன் எண்டா டச்சுக்காரன்ர பாஷையில முதலை. அந்தக் காலத்துக் கோட்டை வாசல் அதில இருந்தது.)

கொழும்பு மாநகரசபை கூடத் தொடங்கினது 1866ல, இந்த டவுன் ஹோல் கட்டினது 1873ல. பிளான் கீறினவர் ஸ்மிதர் எண்ட வெள்ளைக்காரர், கொழும்பு மியூசியத்துக்கும் அவர்தான் கீறினவர். ஆனா ரெண்டையும் பாத்தா ஒரே ஆள் கீறினது எண்டு நம்பவே ஏலாது. மியூசியம் வெள்ளையா, நீட்டா, பங்களா மாதிரிக் கிடக்கும், இது கொதிக் ஸ்டைல், யன்னல் வளைவெல்லாம் மேல போய் அம்பு முனை மாதிரிக் கூரா முடியுது, பழைய சேர்ச்சுகளில பாப்பம் எல்லே, அதே மாதிரி. கூர் வளைவு பாரத்தை ரெண்டு பக்கத் தூணுக்கும் நல்லா இறக்கி விடுமாம், அதால சுவரில பெரிய வாசலும் உயரமான யன்னலும் வைக்கலாம். ஃபேன் இல்லாத காலத்தில சனம் கூடுற இடத்துக்கு அது எவ்வளவு உதவி எண்டு உள்ளுக்குப் போய் நிண்டாத்தான் விளங்கும். பக்கத்தில இருக்கிற சந்தை மண்டபத்தின்ர இரும்பு வேலைப்பாட்டை மறக்காமப் பாருங்கோ, பூவும் சுருளுமா, சும்மா ஒரு சந்தைக்கு இவ்வளவு வடிவு செய்து வச்சிருக்கிறாங்கள்.

எனக்கு மனசுக்குள்ள நிண்டது கட்டினவரின்ர கதைதான். வாப்பிச்சி மரிக்கார், எங்களை மாதிரித் தமிழ் கதைக்கிற முஸ்லிம் மனுசன். இந்த டவுன் ஹோல், கொழும்பு மியூசியம், கோல் ஃபேஸ் ஹோட்டல் எல்லாம் அவற்ற கையால எழும்பினது. 1877ல மியூசியம் திறக்கேக்க உங்களுக்கு என்ன வேணும் எண்டு கவர்னர் கிரகரி கேட்டாராம், அவர் காசோ காணியோ கேக்கேல்லையாம், வெள்ளிக்கிழமையில மியூசியத்தைப் பூட்டுங்கோ எண்டு மட்டும் கேட்டாராம். இதை மாமிக்குச் சொல்ல அவ கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்ல, அந்தச் சுவரில கையை வச்சபடி நிண்டவ.

இப்ப இந்த டவுன் ஹோலை ஒரு மியூசியமா வச்சிருக்கினம். கீழ பழைய மெசின்கள் கிடக்கு, றோட்டுப் போடுற ஸ்டீம் றோலர் எல்லாம். அந்த இரும்புச் சில்லு என்ர மகளின்ர உயரத்துக்கு நிக்குது. மேல ஏறினாத்தான் விசேசம், சபை கூடுற மாதிரி மேசையைச் சுத்தி ஆள் உயரப் பொம்மைகளை இருத்தி வச்சிருக்கினம், வாசலில நிண்டு பாக்க உண்மையா மீட்டிங் நடக்கிற மாதிரித்தான். மகள் ஓடிப் போனவள் சட்டெண்டு நிண்டு, "அம்மம்மா, சத்தம் போடாதேங்கோ" எண்டு வாயில விரலை வச்சாள். மாமியும் சீலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துபோட்டுத்தான் உள்ளுக்குப் போனவ.

1928ல மாநகரசபை கறுவாத்தோட்டத்தில இருக்கிற வெள்ளை டோம் வச்ச டவுன் ஹோலுக்குப் போயிட்டுது. அதுவும் வடிவுதான், பெரிய தூண்கள், முன்னுக்குப் பார்க், போட்டோ எடுக்க எல்லாரும் அங்கதான் போறது. எனக்கு இதுதான் மேல். அது தள்ளி நிண்டு பாக்கிற கட்டடம், இது நாட்டாமையள் மூட்டை தள்ளிக்கொண்டு போற சந்திக்குள்ள, சனத்துக்கு நடுவில நிக்குது. ஊர்ச் சபை இருக்க வேண்டிய இடம் அதுதானே.

எங்கட பிரட்றிக் கோட்டையை 1624ல போர்த்துக்கீசன் கோணேசர் கோயிலை இடிச்ச கல்லால கட்டினான், வாசல் கல்லில பாண்டியரின்ர கயல் மீன் இண்டைக்கும் கிடக்கு. அந்த மீனை எங்கட பிள்ளையளுக்குக் காட்டி வளக்கிறம், ஆனா அந்தக் கல்லுகளைத் தூக்கி அடுக்கின ஆக்களின்ர ஒரு பேர் கூட எங்களுக்குத் தெரியாது. அதாலதான் மரிக்காரின்ர பேர் தெரிஞ்சது எனக்குப் பெரிய சந்தோசமாக் கிடந்தது.

ஒரு மணித்தியாலம் ஒதுக்கினாக் காணும். கோட்டை ஸ்டேசனில இருந்து நடக்கிற தூரம்தான், ஆனா மேல போறதுக்குப் படி ஏற வேணும், வயசானவையைக் கூட்டிக்கொண்டு போறதெண்டா ஆறுதலா ஏத்துங்கோ. உடுப்பு மூட்டையளைத் தூக்கின பிறகு போகாதேங்கோ, கடையில வச்சிட்டு வெறுங்கையோட போங்கோ. நாங்கள் திரும்பி வரேக்க குஞ்சம் கட்டி முடிஞ்சுது, அரக்குச் சிவப்பில நல்லா வந்திருக்கு.