ஈஸ்ட்ஹாம் கொத்துக்கடை: மூன்றரை நட்சத்திரம்

லண்டன் ஈஸ்ட்ஹாமில, ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இருக்கிற இந்தக் கடையில ஆட்டுக்கொத்து இன்னும் ஆவி பறக்கத்தான் வருகுது. றொட்டி கூழாகேல்லை, உறைப்பு காதுவரைக்கும் ஏறும். இறைச்சியைத்தான் எண்ணிப் போட்டிருக்கினம்.

ஏனெண்டு கேட்டால் கவுண்டரில் நிக்கிற அண்ணை ‘பிரெக்ஸிட்’ என்பார். 2016 ஜூனில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில இருந்து விலகவேணும் எண்டு வோட்டுப் போட்டவரே அவர்தான்! "போலந்துக்காரர் சும்மா வரலாம், எங்கட கொத்துக்காரனுக்கு மட்டும் விசா இல்லையோ?" இதுதான் அப்ப அவர்ட நியாயம். அது இனவெறி எண்டு மச்சான் சண்டை பிடிப்பான்; எனக்கு அப்பிடித் தெரியேல்லை. கறிக்கடைகளைக் காப்பாற்றுவோம் எண்டு அப்ப அமைச்சராயிருந்த பிரீத்தி பட்டேல் சொன்னதை நம்பினவர். ஈஸ்ட்ஹாம் இருக்கிற நியூஹாம் நகரசபைப் பகுதியில் 47 வீதம் பேர் விலகச் சொன்னவை, எல்லாருக்கும் ஒரே காரணமோ?

பொருளாதாரக் கணக்கு வேறை. பவுண் விழுந்தது, இறக்குமதிச் சாமான் விலை ஏறினது. பிரெக்ஸிட்டால நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4 வீதம் குறையும் எண்டு அரசாங்கத்தின்ர வரவு செலவைக் கணிக்கிற பட்ஜெட் பொறுப்பு அலுவலகமே கணிச்சிருக்கு. ஆனால் எண்ணெய் விலைக்கு உக்ரைன் போரும் காரணம், அதை அண்ணை சொல்லமாட்டார்.

வடை ஆறிப்போய் வந்தது. அதுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின்ர தலைமையகம் இருக்கிற பிரஸ்ஸல்ஸைத்தான் சாட்டினார். கார்ட் எடுக்கமாட்டினம், காசு கொண்டு போங்கோ.