சாம்பிளில் அசல், குப்பியில் போலி: ஊத் வாங்கப் போகிறவர்களுக்கு

ஏர்வாடி சந்தனக்கூடு, பெருநாள், கல்யாண சீசன் என்று வந்துவிட்டால் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமெல்லாம் அத்தர் வியாபாரம் சூடு பிடிக்கும். முதல் தடவையாக ஊத் எண்ணெய் (அகர் மரக் கட்டையிலிருந்து வடிக்கிற அத்தர்) வாங்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

காக்கா (என் அண்ணன்) நிக்காஹ்வுக்குக் கொடுப்பதற்காகக் கால் தோலா, அதாவது சுமார் 3 கிராம் ஊத் வாங்கப் போனேன். கீழக்கரைக்குப் பக்கத்தில், பார்வைக்கு நல்ல கடை. கடைக்காரர் கண்ணாடிக் குச்சியால் தொட்டு என் இடது மணிக்கட்டில் தடவினார். "அஸ்ஸாம் மால், தம்பி. அரபி வீட்டுல போடுறது இதுதான்" என்றார். அது பொய்யில்லை. துபாயிலிருந்து மாமா வரும்போதெல்லாம் அவர் பெட்டியைத் திறந்தால் வருகிற அதே வாசனை. விலை 4,800 ரூபாய். சரி என்றதும், "புது ஸ்டாக்ல ஊத்தித் தர்றேன்" என்று உள்ளே போய், மூடி ஒட்டிய சின்னக் குப்பியோடு வந்தார். போனில் பணம் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, மெஷின் ரிப்பேர் என்றார்.

வீட்டுக்கு வந்து குப்பியைத் திறந்து வலது மணிக்கட்டில் தடவினேன். பளீரென்று ரோஜாவும் ஏதோ ஒரு இனிப்பும் அடித்தது. உம்மாவுக்குப் பிடித்துக்கூடப் போனது. ஆனால் அஸர் (பிற்பகல்) தொழுகைக்குள் அது போன இடம் தெரியவில்லை. இடது கையில் தடவிய சாம்பிளோ மறுநாள் ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) எழுந்தபோதும் இருந்தது. உளூச் செய்து, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும். குப்பியிலிருந்து கழுத்தில் தடவிய இடம் சிவந்து அரித்தது வேறு.

புதிதாக வாங்குகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அசல் அஸ்ஸாம் ஊத் முதல் மோப்பத்தில் எல்லோருக்கும் பிடிக்காது. மாட்டுத்தொழுவம், பதப்படுத்திய தோல், பழைய மரப்பெட்டி எல்லாம் கலந்த மாதிரி ஒரு கனமான, கொஞ்சம் முரட்டு வாசனை. நம் கடற்கரை வெக்கையில், வேர்வையில் அது இன்னும் தூக்கலாக எழும். முகம் சுளித்துக் கையைத் தள்ளிப் பிடிப்பவர்கள் உண்டு. கால் மணி, அரை மணி பொறுத்திருந்தால் அந்த முரட்டுத்தனம் அடங்கிக் கசப்பான மர வாசனை வரும். பிறகு தேன் போல ஒரு இனிப்பு தோலோடு ஒட்டி நிற்கும். நேரத்துக்கு நேரம் மாறிக்கொண்டே போகும் இந்தக் குணத்துக்காகத்தான் ஊத் பிரியர்கள் அவ்வளவு பணம் கொடுக்கிறார்கள். கம்போடிய வகை ஆரம்பத்திலிருந்தே பழ இனிப்பாக இருக்கும். புதியவர்களுக்கு அது எளிது. போலியோ முதல் நொடியிலேயே மயக்கும், கடைசிவரை ஒரே மாதிரி இருக்கும், பிறகு சட்டென்று காணாமல் போகும். முதல் மோப்பத்தில் பிடித்தது அசல், பிடிக்காதது மட்டம் என்று புதியவர்கள் நினைப்பதை வைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது.

அசலுக்கு ஏன் அந்த விலை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அகர் மரம் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தால் வெளிறிய, லேசான, வாசனையற்ற கட்டைதான். காயம்பட்டோ பூச்சி துளைத்தோ பூஞ்சை பிடித்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கருத்த பிசினைச் சுரக்கும். அந்தப் பகுதியை மட்டும் செதுக்கித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு வாலையில் (காய்ச்சி வடிக்கும் கலத்தில்) வடித்து எடுக்கிறார்கள். தொழுவ வாசனைக்கு அந்த ஊறல் ஒரு முக்கியக் காரணம். கட்டையின் அளவோடு பார்த்தால் கிடைக்கிற எண்ணெய் மிகக் கொஞ்சம். காட்டில் வெட்டி வெட்டி மரம் அருகிப்போனதால் 1995 முதல் அஸ்ஸாம் அகர் இனம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இப்படி வருகிற எண்ணெயில் வாசனையில்லாத கரைப்பானையும் செயற்கை வாசனையையும் கலந்தால் ஒரு குப்பி பத்துக் குப்பியாகிவிடும். செயற்கை ஊத் என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்றால் நான் குறை சொல்ல மாட்டேன். அசலைக் காட்டிவிட்டு அதைக் கொடுத்ததுதான் மோசடி.

மறுநாள் குப்பியோடு கடைக்குப் போனேன். "ஒவ்வொருத்தர் உடம்பு வாகுக்கு வாசனை மாறும் தம்பி" என்றார். ஒரே உடம்பின் இரண்டு கையில் இரண்டு விதமாகவா என்று கேட்டேன், பதில் இல்லை. சாம்பிள் குப்பியிலிருந்தே ஊற்றித் தாருங்கள் என்றேன், அது விற்பனைக்கு இல்லையாம். கடைசியில் குப்பியை வாங்கிக்கொண்டு, பணத்துக்குப் பதிலாக ஒரு டப்பா ஊத் கட்டை கொடுத்தார். தண்ணீரில் போட்டுக் காட்டினார், மூழ்கியது. "மூழ்கினா அசல்" என்றார். வீட்டில் கரி நெருப்பில் வைத்தேன். நல்ல கட்டையாக இருந்தால் பிசின் கொதித்து நுரை கட்டும், புகை மென்மையாக வரும். இதில் பெயின்ட் எரிகிற நெடி, கண் எரிச்சல். துணியில் தேய்த்தால் கறுப்புச் சாயம். ஒரு துண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே வெள்ளைக் கட்டையும் நடுவில் ஈயமும். எடைக்காகவும் மூழ்குவதற்காகவும் உள்ளே உலோகம் வைப்பது இந்த வியாபாரத்தில் பழைய வித்தையாம், மாமா போனில் சொன்னார்.

வாங்கப் போனால் ஒன்றே ஒன்றில் விடாப்பிடியாக இருங்கள்: எந்தக் குப்பியிலிருந்து கையில் தடவினாரோ அதே குப்பியிலிருந்து, உங்கள் கண் முன்னால் ஊற்ற வேண்டும். முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தடவிய கையோடு வீட்டுக்குப் போய், மறுநாள் வந்து வாங்குங்கள். அசல் வைத்திருக்கிற வியாபாரி அதற்குக் கோபப்பட மாட்டார். காகிதத்தில் ஒரு சொட்டு விடு, தீயில் காட்டு என்று வரும் சோதனைகளை மட்டும் நம்ப வேண்டாம், கலப்படக்காரருக்கும் அதெல்லாம் தெரியும். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய விவரம், குப்பியை வாங்கிய அன்றே எடுத்த படம், பிளந்த கட்டையின் படம் கையில் இருக்கின்றன. அதில் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி கொடுத்து ஏமாந்தவர்கள் குப்பியைத் தூக்கிப் போடாமல் வைத்து, நீங்களும் பதியுங்கள்.