ஸ்பீக்கர், ஆம்ப் எல்லாம் மாற்றிய பிறகும் பாட்டு ஏன் நன்றாகக் கேட்கவில்லை? நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

காரோடு வந்த செட்டை எடுத்துவிட்டுப் புதிய ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் இருக்கும் பாட்டுப் பெட்டி), முன் கதவுகளில் 6.5 அங்குல காம்போனென்ட் ஸ்பீக்கர் (கனத்த ஒலிக்கு ஒன்று, உச்ச ஒலிக்கு ட்வீட்டர் என்ற சிறியது ஒன்று எனத் தனித்தனியாக வருவது), ஒலியைப் பெருக்கும் நான்கு சேனல் ஆம்ப், டிக்கியில் அடி பாஸுக்கான 10 அங்குல சப்வூஃபர் என்று மாற்றிச் சில வருடங்கள் ஆகின்றன. ஆம்பின் முன் இரண்டு சேனல்கள் கதவுகளுக்கு, பின் இரண்டும் பிரிட்ஜ் ஆகி, அதாவது ஒன்றாக இணைந்து, சப்வூஃபருக்கு. போட்ட புதிதில் பழைய செட்டே தேவலை என்று தோன்றியது. இன்றைக்கு அதே ஸ்பீக்கர்கள், அதே ஆம்ப்தான். பாட்டு பிரமாதமாகக் கேட்கிறது. இடையில் மாறியது எர்த் (கார் பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு), ஒயர், கதவின் உள்பக்கம், செட்டிங்ஸ் மட்டும். "ஸ்பீக்கர் சரியில்லை, இன்னும் பெரியதாகப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் பர்ஸை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் தொல்லை விசில். எஞ்சின் ஓடாதபோது இல்லை. ஸ்டார்ட் செய்ததும் ட்வீட்டரில் மெல்லிய கீச்சொலி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுருதி ஏறும். இப்படி எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் ஏசி மின்சாரத்தை அதற்குள் இருக்கும் டயோடுகள் டிசியாக மாற்றுகின்றன. அதில் கொஞ்சம் சிற்றலை மிஞ்சும். ஹெட் யூனிட்டின் எர்த்துக்கும் ஆம்பின் எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும், அந்தச் சிற்றலை, ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் வழியாகப் பாட்டோடு கலந்துவிடும்.

ஆம்பை அணைத்துவிட்டு ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கி, கேபிள் இல்லாமலே ஆம்பை மறுபடி ஆன் செய்து பார்த்தேன். கீச்சொலி நின்றது. அப்படியானால் ஆம்ப் நல்ல நிலையில்தான் இருக்கிறது, கீச்சொலி ஆர்சிஏ கேபிள் வழியாகத்தான் நுழைகிறது; எர்த் வித்தியாசமாக இருக்கலாம். அடுத்து மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் வைத்து, பாட்டைச் சத்தமாக ஓடவிட்டுப் பார்த்ததில் காரணம் தெரிந்துவிட்டது. பொருத்தியவர் எர்த் ஒயரை சீட் போல்ட்டில், பெயின்ட்டின் மேலேயே முறுக்கி வைத்திருந்தார். பாடியில் வேறொரு இடத்தில் பெயின்ட்டைப் பளபளவென்று தகடு தெரியும்வரை சுரண்டி, பவர் ஒயர் அளவுக்கே தடிமனான ஒயரை அரை மீட்டருக்குள் முடித்து இறுக்கியதும் விசில் போயிற்று. சுரண்டிய இடத்தைச் சுற்றி மறுபடி பெயின்ட் தொட்டுவிடுங்கள், துரு பிடிக்கும். சீட் பெல்ட் போல்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட்.

ஆர்சிஏ கேபிளும் பவர் ஒயரும் ஒரே பக்கமாகப் போகக்கூடாது என்பார்கள். அதையும் பிரித்துப் போட்டேன். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. செய்வதில் தப்பில்லை, ஆனால் நான் பார்த்தவரை பத்தில் ஒன்பது விசில் எர்த்தில்தான் பிறக்கிறது. ஃபோனை சார்ஜில் போட்டு ஆக்ஸ் கேபிளில் கேட்கும்போது மட்டும் வரும் கீச்சொலி வேறு வகை. அதற்கு ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா விற்கிறது. சத்தம் நிற்கும், கூடவே அடி பாஸும் மெலிந்துவிடும். நான் ஆக்ஸை விட்டுவிட்டு யுஎஸ்பிக்கு மாறிவிட்டேன்.

விசில் ஓய்ந்த பிறகுதான் பாஸ் இல்லாததே உறைத்தது. பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளினால் பாஸ் வருகிறது, நடுவில் வைத்தால் காணாமல் போகிறது. இது ஒரு கதவில் பிளஸ், மைனஸ் மாறியிருப்பதன் அடையாளம். ஒரு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆம்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஒயரில் 1.5 வோல்ட் பேட்டரியைச் சட்டென்று தொட்டு எடுங்கள். பிளஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே வரவேண்டும். எனக்கு ஒரு கதவில் உள்ளே போனது. சப்வூஃபருக்கும் இதே கதைதான், ஆனால் அங்கே தீர்ப்பு காதுடையது. இரண்டு விதமாகவும் இணைத்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எதில் பாஸ் கனமாக இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளலாம்.

அதிக பலன் தந்த வேலை கதவில் செய்ததுதான். கதவு ஸ்பீக்கருக்குப் பெட்டி மாதிரி இருக்கவேண்டும். ஆனால் டோர் பேடைக் கழற்றினால் உள் தகட்டில் கை நுழையும் அளவு ஓட்டைகள், அவற்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். கோனின் பின்பக்க அலை அந்த ஓட்டைகள் வழியே வெளியே வந்து முன்பக்க அலையைக் கரைத்துவிடுகிறது. ஓட்டைகளை மெல்லிய அலுமினியத் தகடு வைத்து, அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட்டால் மூடினேன், வெளித் தகட்டின் உட்புறத்திலும் ஆங்காங்கே ஒட்டினேன். தார் கலந்த மலிவு ஷீட் வெயிலில் இளகி நாறும். பியூட்டைல் பல கோடைகளைப் பார்த்தும் ஓரம்கூடத் தூக்கவில்லை. கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள், கதவு உள்ளிருந்தே அழுகும்.

பிறகு 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் டோனை ஓடவிட்டு, கடகடவென்ற இடத்தையெல்லாம் கையால் அழுத்திப் பார்த்தேன். லாக் கம்பி, ஒயர் கிளிப், நம்பர் பிளேட் ஒவ்வொன்றாக மாட்டின. மிருதங்கத்தில் தொப்பியின் கும்காரம் டிக்கியிலிருந்து தனியாக வராமல், வலந்தலையோடு சேர்ந்து முன்னாலிருந்தே கேட்டது அன்றைக்குத்தான்.

சத்தம் கூட்டினால் பிசிறடித்ததற்குக் காரணம் கெயின். ஹெட் யூனிட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்திவைக்கத்தான் அந்தத் திருகு. பலர் அதை வால்யூமாக நினைத்துக் கடைசிவரை திருப்பிவிடுகிறார்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, ஈக்வலைசரைச் சமமாக்கி, ஹெட் யூனிட் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, டெஸ்ட் டோன் ஓடவிட்டு ஆம்ப் அவுட்டில் ஏசி வோல்டேஜ் பார்க்கவேண்டும். வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இலக்கு கிடைக்கும். 75 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் சுமார் 17.3 வோல்ட். பாஸ் பூஸ்ட்டை நான் தொடுவதே இல்லை. 12 டெசிபல் பூஸ்ட் என்றால் அந்த இடத்தில் ஏறக்குறைய 16 மடங்கு பவர் கேட்கும். எந்த ஆம்பும் திணறும்.

கிராஸ்ஓவர், அதாவது கதவுக்கும் சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரித்துக்கொடுக்கும் எல்லை, 80 ஹெர்ட்ஸ். எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச்செய்யும் டைம் அலைன்மென்ட்டில், டிரைவருக்கு அருகில் இருக்கும் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தினால் பாடுபவர் டேஷ்போர்டின் நடுவுக்கு வருவார். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். தூர வித்தியாசம் 60 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 1.75 மில்லிசெகண்ட். டேப் வைத்து அளந்தாலே போதும், மீதியைக் காது சரிசெய்துகொள்ளும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எர்த் போல்ட்டை அவ்வப்போது இறுக்கிப் பார்க்கிறேன். ஒருமுறை ஆர்சிஏ பிளக் தளர்ந்து ஒரு பக்கம் நின்றுபோனது. இன்னும் முழுசாகத் தீராதது ட்வீட்டர் ஒலி முன் கண்ணாடியில் பட்டுத் திரும்புவதால் வரும் கூர்மை. 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் குறைத்து வைத்திருக்கிறேன். காதைக் குத்துவது நின்றது, வயலின் மட்டும் கொஞ்சம் மங்கிவிட்டது. ட்வீட்டரின் கோணத்தை மாற்றினால் இரண்டும் சரியாகலாம், ஆனால் அதற்கு முன் கண்ணாடி ஓரத் தூணின் உறையில் புதிதாக ஓட்டை போடவேண்டும். அதற்கு இன்னும் மனசு வரவில்லை.